வேல்ஸ் மலைநாட்டில் பழைய கல்வீடு வாங்கியோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். வேல்ஸின் வடமேற்கே, ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா எனப்படும் எரிரி மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளில் முந்நூறு நானூறு ஆண்டுகளாக நிற்கும் கல் பண்ணை வீடுகளை விலைக்கு வாங்கி, அவற்றைப் புதுப்பித்துக் குடியேறக் காத்திருக்கும் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். மருத்துவப் பணிக்கும் பொறியியல் பணிக்கும் இங்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உங்களுள் உண்டு. அவர்களில் சிலர் நேரில் வந்து என்னிடம் யோசனை கேட்டார்கள். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். நான் கட்டடப் பொறியாளன். சுண்ணாம்புக் காரையில் வேலை செய்யும் கொத்தனார்களோடு சேர்ந்து இப்பகுதியின் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து வருகிறேன். குடியிருப்பதும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டுக் காலம், கூரையில் ஒழுகும் இடத்தை அடைப்பது, அடைபட்ட மழைநீர்க் குழாயைச் சுத்தம் செய்வது போன்ற அவசர வேலைகளைத் தவிர, வீட்டின் சுவரிலும் தரையிலும் உத்தரங்களிலும் கை வைக்காதீர்கள். ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வீட்டில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் குடியேறிய முதல் மாதத்திலேயே, தென்மேற்குக் காற்றோடு வரும் மழையை நேராக வாங்கும் சுவரில் ஓதம் தெரிந்தது. அதுவரை நான் புதுக் கட்டடங்களையே வடிவமைத்துப் பழகியிருந்தேன். பழைய சுவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஓர் ஒப்பந்தக்காரரை அழைத்தேன். அவர் வெளிப்பக்கம் கல் இடுக்குகளையெல்லாம் சிமென்ட் கலவையால் அடைத்து, உட்பக்கம் பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் ஜிப்சம் பலகை பொருத்தி, வெள்ளை வண்ணம் அடித்துக் கொடுத்தார். சுவர் பளிச்சென்று இருந்தது. நானும் மனநிறைவோடு பணம் கொடுத்தேன். ஆறாவது குளிர்காலத்தில் அறைக்குள் பூஞ்சை வாடை வரத் தொடங்கியது. பலகையைக் கழற்றிவிட்டு, சுவருக்குள் செருகியிருந்த ஓக் உத்தரத்தின் முனையில் ஒரு திருப்புளியை வைத்தேன். அழுத்தத் தேவையே இல்லாமல் அது பிடிவரை உள்ளே இறங்கியது. உத்தரத்தின் நடுப்பகுதி இரும்புபோல் இருந்தது, ஆணிகூட இறங்காது. சுவருக்குள் இருந்த ஒரு சாண் நீளம் மட்டும் தண்ணீரில் ஊறிய ரொட்டியைப்போல் கையோடு பிய்ந்து வந்தது. இந்த மலைகளின் உயர்ந்த பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அத்தனை மழையிலும் தலைமுறை தலைமுறையாகக் கெடாமல் இருந்த மரம், நான் காசு கொடுத்துச் செய்வித்த வேலைக்குப் பின் ஆறே ஆண்டுகளில் அழுகிவிட்டது. நீங்களும் அதே தவற்றைச் செய்யக் கூடாது என்பதற்காகவே என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அந்தச் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு கல் முகங்களை எழுப்பி, இடைவெளியைச் சிறுகற்களாலும் களிமண்ணாலும் நிரப்பி, இரண்டு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும்படி ஆங்காங்கே குறுக்காக நீண்ட பிணைக்கற்களை வைத்திருக்கிறார்கள். கனம் பெரும்பாலும் இரண்டடியிலிருந்து மூன்றடி வரை. மூலைகளிலும் அடிவரிசையிலும் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத பாறைகள் கிடக்கும்; பனியாறுகள் உருட்டிவந்து விட்டுச்சென்ற பாறைகள் அவை, வயலைத் திருத்தும்போது ஒதுக்கியவை. ஆழமாகத் தோண்டிப் போட்ட அஸ்திவாரம் இராது. தரை ஈரத்தைத் தடுக்கும் படலமும் இராது. ஆகவே மண்ணிலிருந்து கொஞ்சம் ஈரம் ஏறும், மழையிலிருந்து கொஞ்சம் ஈரம் உள்ளே புகும். கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்தே கட்டினார்கள். எரிரியின் எரிமலைப் பாறையும் சிலேட்டுக் கல்லும் மிகச் சொற்பமாகவே நீரை உறிஞ்சுபவை. ஈரம் போவதும் வருவதும் பெரும்பாலும் இடுக்குகளில் உள்ள மண்ணும் சுண்ணாம்பும் வழியாகத்தான். காற்றடிக்கும் நாளில் அந்த இடுக்குகள் வழியே சுவர் வெளிப்புறமாகக் காய்கிறது. அறைக்குள் நாளெல்லாம் எரிந்த கணப்பு உட்புறமாகக் காய வைத்தது. உள்ளே வருவதைவிட வெளியே போவது அதிகமாக இருக்கும்வரை அந்தச் சுவருக்கு ஒரு குறையும் நேராது.

சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824-இல். நீங்கள் வாங்கியிருக்கும் வீடுகளில் பல அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தவை. சிமென்ட் இறுகியபின் வளைந்து கொடுக்காது. ஆழமான அஸ்திவாரம் இல்லாத கற்சுவரோ, பருவத்துக்குப் பருவம் மயிரிழை அளவு அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே கல்லுக்கும் சிமென்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. காற்றோடு வரும் மழை அதன் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. போனது திரும்ப வழியில்லாமல் நடுவில் உள்ள களிமண்ணில் தங்கிவிடுகிறது. மென்மையான மணற்கல்லால் கட்டிய தெற்குப் பகுதி வீடுகளில் இன்னொரு கேடும் உண்டு: ஈரம் கல்லின் முகத்தின் வழியே வெளியேற முயல, குளிரில் அது உறைந்து விரிய, கல்லே பொரிந்து உதிர்கிறது. என் வீட்டில் அடைத்த சிமென்டை நாங்கள் கை உளியால்தான் எடுத்தோம். சுழலும் வெட்டுக்கருவியை வைத்திருந்தால் ஒரே வாரத்தில் முடிந்திருக்கும், ஆனால் கற்களின் விளிம்புகள் சிதைந்திருக்கும். இரண்டு விரற்கடை ஆழம் போனதும் உள்ளிருந்த மண் பிசைந்த மாவின் பதத்தில் வழிந்தது. அந்தச் சுவர் காய்வதற்கு இரண்டு கோடைகள் ஆயின.

சுண்ணாம்பு இதற்கு நேர்மாறானது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணலோடு கலந்து பூசினால், அது காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. ஈரத்தை ஏற்கும், விடும். சுவர் அசைந்தால் தானும் கொஞ்சம் இசைந்து போகும். எரிரியின் நடுப்பகுதியில் சுண்ணாம்புக்கல் கிடைக்காது. ஆங்கிள்சீ தீவின் கிழக்குக் கரையில் உண்டு. அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்ததைக் கடலோரக் காளவாய்களில் சுட்டு உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தென்மேற்கே பெம்ப்ரோக்ஷயரின் சோல்வா துறைமுகத்தில் அப்படிப்பட்ட காளவாய்கள் கரையோரம் இன்றும் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சுட்ட சுண்ணாம்பில் பெரும்பகுதி புளிப்பேறிய வயல்மண்ணைத் திருத்தவே போயிற்று. மலைவீட்டுக்காரருக்கு அது தொலைவிலிருந்து வரும் பொருள்; ஆகையால் சுவரின் உள்ளே மண்ணை வைத்து, மழை படும் வெளி இடுக்குகளுக்கு மட்டும் சுண்ணாம்பைச் செலவழித்தார்கள். உங்கள் சுவரில் மண் உதிர்வதைக் கண்டு, கட்டியவர்கள் அக்கறையில்லாமல் கட்டிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிடைத்ததை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

கற்கள் வெளியே தெரியும்படி விடுவதுதான் பழைய அழகு என்ற எண்ணமும் இன்று பரவலாக இருக்கிறது. உண்மையில் பல பண்ணை வீடுகள் சுண்ணாம்பால் வெள்ளையடிக்கப்பட்டவை. ஆண்டுதோறும் அடித்த அடுக்குகள் சேர்ந்து சேர்ந்து, கல்லின் கூர்மையெல்லாம் மழுங்கி, சுவர் ஒரு மென்மையான தோலைப் பெற்றுவிடும். கார்டிஃபுக்கு அருகே செயின்ட் ஃபாகன்ஸில் 1948-இல் தொடங்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குச் சென்றால், கோவர் தீபகற்பத்தின் லான்கெனித் ஊரிலிருந்து கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டிய கென்னிக்ஸ்டன் பண்ணை வீட்டைப் பாருங்கள். அதன் மிகப் பழைய பகுதி 1610-ஐச் சேர்ந்தது. சுவர் முழுதும் செக்கச் சிவந்த சுண்ணாம்புப் பூச்சு. சிவப்பு தீய ஆவிகளை விரட்டும் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. உள்ளே கணப்பை ஒட்டிச் சுவரோடு சேர்த்துச் செய்த மரப் பெட்டிக் கட்டில் ஒன்று இருக்கிறது. குளிரில் அதன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார்கள். அந்தக் கட்டிலின் முன் நின்றால், வெப்பத்தை வீடு முழுதும் பரப்பாமல், ஆள் இருக்கும் இடத்தில் சேர்த்து வைப்பதே அக்காலத்து வழி என்பது ஒரு நொடியில் புரிந்துவிடும்.

வீட்டின் உள்ளமைப்பைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்லப் பொறுத்தருள வேண்டும், ஏனென்றால் புதுப்பிப்பு என்ற பெயரில் முதலில் இடிபடுவது அதுதான். இடைக்காலத்தில் வசதியான குடும்பத்தின் வீடு என்பது கூரை வரை திறந்த ஒரே பெருங்கூடம். நடுத்தரையில் தீ மூட்டுவார்கள், புகை கூரையில் தேங்கிக் கசிந்து வெளியேறும். ஆர்டூட்வி கடற்கரையை ஒட்டி இருக்கும் எக்ரின் வீடு அவ்வகையைச் சேர்ந்தது. அதன் மரங்கள் 1510-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை, கூரை மரங்களில் பழைய புகைக்கரி இன்னும் படிந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு நகர நகர, தீ நடுவிலிருந்து சுவரோரத்துக்குப் போயிற்று. வீட்டின் ஒரு முனையில் ஆள் நுழைந்து உட்காரும் அளவுக்குப் பெரிய கல் கணப்பு எழுந்தது. வேல்ஸ் மொழியில் அதற்கு ‘சிம்தெ வௌர்’, அதாவது பெரிய புகைபோக்கி என்று பெயர். புகைக்குத் தனி வழி கிடைத்ததும் கூடத்துக்குமேல் மாடி போட முடிந்தது. இப்படி உருவான இரண்டு தள வீட்டைத்தான் கட்டடக்கலை ஆய்வாளர்கள் எரிரி வகை வீடு என்கிறார்கள். முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர். அவற்றுக்கிடையே குறுக்கு நடை. ஒருபுறம் கணப்புள்ள கூடம். மறுபுறம் மரப் பலகைத் தடுப்புக்கு அப்பால் இரண்டு சிற்றறைகள், ஒன்றில் பாலும் வெண்ணெயும் வைப்பார்கள். கணப்பின் பக்கவாட்டில், சுவரின் கனத்துக்குள்ளேயே சுழன்று ஏறும் கற்படி. என் வீட்டில் அந்தப் படிகள் சிலேட்டால் ஆனவை. மூன்றாவது படியின் நடுவில் ஒரு கிண்ணம்போல் தேய்ந்திருக்கிறது. இருட்டில் இறங்கும்போது வலக்கால் தானாகவே அதில் போய் அமரும்.

ஏன் அந்தக் காலத்தில், அந்த நிலப்பகுதியில், இத்தனை கல்வீடுகள் எழுந்தன என்ற கேள்விக்கு நிலமும் சட்டமும் சேர்ந்து விடை தருகின்றன. எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1536-இலும் 1543-இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தின் சட்ட அமைப்புக்குள் கொண்டுவந்தன. தந்தையின் நிலத்தை எல்லா மகன்களும் பங்கிட்டுக்கொள்ளும் பழைய மரபு அதோடு சட்டத்தில் ஒழிந்து, மூத்த மகனுக்கே முழுதும் போகும் முறை வந்தது. மொழிக்கும் இளைய மகன்களுக்கும் அச்சட்டங்கள் செய்த தீங்கு பெரிது. நீதிமன்றமும் பதவியும் ஆங்கிலத்துக்கே என்று அவை சொல்லிவிட்டன. ஆனால் நிலத்தைத் துண்டுபடாமல் வைத்துக்கொண்டு, மாடும் கம்பளியும் விற்றுக் கையில் பணம் சேர்த்த குடும்பங்கள் தலைமுறைகளுக்கு நிற்கும் கல்வீடுகளைக் கட்டத் துணிந்தன. அப்படிப்பட்ட ஒரு பண்ணை பென்மாக்னோ ஊருக்கு அருகே விப்ர்நான்ட் பள்ளத்தாக்கில் உள்ள டீ மௌர். 1545-ஐ ஒட்டி அங்கே பிறந்த வில்லியம் மோர்கன்தான் முழு விவிலியத்தையும் வேல்ஸ் மொழியில் பெயர்த்து 1588-இல் வெளியிட்டவர். ஆட்சி கைவிட்ட மொழிக்குக் கோவிலில் இடம் கிடைத்தது அந்த மொழிபெயர்ப்பால்தான். வேல்ஸ் மொழி இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அதை ஒரு பெரும் காரணமாகச் சொல்வார்கள். அதே இடத்தில் நிற்கும் கல்வீட்டை, மொழிபெயர்ப்பின் 400ஆம் ஆண்டையொட்டி 1988-இல் அதன் பழைய தோற்றத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். ஆனால் நினைவிடத்துக்குப் பொருந்தும் அந்த முறையை உங்கள் குடியிருப்புக்குப் பின்பற்ற வேண்டாம் என்பது என் கருத்து. விக்டோரியா காலத்து ஜன்னலும், 1930-களில் வைத்த அடுப்பும் உங்கள் வீட்டின் வரலாறுதான்.

மரத்தின் வயதை எப்படி அறிகிறார்கள் என்பதைச் சொன்னால், உத்தரங்களில் ஏன் கை வைக்கக் கூடாது என்பது விளங்கும். ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் இடுகிறது. மழையும் வெயிலும் மாறுவதற்கேற்ப வளையத்தின் அகலம் மாறுகிறது. உத்தரத்தில் விரல் கனத்துக்கும் குறைவான ஓர் ஊசித்துளையிட்டு எடுத்த மாதிரியில் அந்த அகலங்களின் வரிசையை அளந்து, ஏற்கெனவே ஆண்டு தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டால், மரம் எந்த ஆண்டு வளர்ந்தது என்று தெரியும். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிச்சமிருந்தால், வெட்டிய ஆண்டையே, சில வேளை பருவத்தையே சொல்லிவிடலாம். அக்காலத்தில் மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே ஏற்றினார்கள், ஆகவே வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் அநேகமாக ஒன்றே. வடமேற்கு வேல்ஸில் தன்னார்வலர்கள் ஆய்வகங்களோடு சேர்ந்து இம்முறையில் பல வீடுகளின் வயதைக் கண்டறிந்திருக்கிறார்கள். இப்போது எண்ணிப் பாருங்கள்: கறுத்துப்போன உத்தரத்தைத் தேன் நிறத்துக்குக் கொண்டுவர மணலைப் பீய்ச்சியோ இயந்திரத்தால் இழைத்தோ சுத்தம் செய்தால், முதலில் போவது பட்டையை ஒட்டிய அந்தக் கடைசி வளையங்கள்தாம். அவற்றோடு புகைக்கரியும், எந்த மரம் எந்தப் பொருத்துக்கு என்று தச்சர் உளியால் கீறிவைத்த குறிகளும் போய்விடும். துணியை ஈரமாக்கித் துடையுங்கள், அது போதும்.

மாடியில்லாத நீளமான வீட்டை வாங்கியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அது ‘டீ ஹீர்’, நெடுவீடு. மேல் பாதியில் மனிதர்கள், கீழ்ப் பாதியில் மாடுகள், நடுவில் இருவருக்கும் பொதுவான நடை, எல்லாம் ஒரே கூரையின்கீழ். சரிவுக்குக் குறுக்காக அன்றி, சரிவோடு இறங்கும்படி வீட்டை அமைத்தார்கள். தொழுவத்துக் கழிவு கூடத்துக்குள் வராமல் கீழ்முகமாக ஓடிவிடும், மாடுகளின் உடற்சூடோ வீட்டுக்குக் கிடைக்கும். ரைடர் ஊருக்கு அருகிலிருந்து செயின்ட் ஃபாகன்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட கிலெவென்ட் வீட்டில் இதைப் பார்க்கலாம். 15ஆம் நூற்றாண்டில் மரச்சுவரோடு எழுந்த அது 1734-இல் கற்சுவர் பெற்றது. உங்கள் தொழுவத்தைச் சமையலறையாக்கும்போது, அந்தச் சரிவைச் சமன்செய்யக் கான்கிரீட் கொட்டாதீர்கள். தரையின் ஈரம் கான்கிரீட்டுக்குக் கீழே தங்க இடமில்லாமல் சுவரடியை நோக்கித்தான் போகும், பிறகு அங்கே ஓதமாக ஏறும்.

கூரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலேட்டு ஓடுகளை டச்சஸ், கவுன்டெஸ், லேடி என்று சீமாட்டிகளின் பெயரால் அளவு பிரித்து விற்றது பெரிய சுரங்கங்களின் காலத்து வழக்கம். கவுன்டெஸ் என்றால் 20 அங்குலத்துக்கு 10. அச்சுரங்க நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெரிய சுரங்கங்களின் காலத்துக்கு முந்தைய கூரைகளில் அளவு ஒழுங்கு இராது: கனத்த, சிறிய, கோணலான ஓடுகள், இறவாரத்தில் பெரியவை, மேலே போகப் போகச் சிறியவை. அவற்றைக் கழற்றினால் வரிசை எண்ணிட்டு அடுக்கி வைத்து, அதே வரிசையில் திரும்ப ஏற்றுங்கள். கழற்றுமுன் கோடையில் ஒருமுறை கூரையடியை ஆராயச் சொல்லுங்கள். சிறு குதிரைலாட வௌவால்கள் இத்தகைய கூரைகளில்தான் குட்டி ஈனுகின்றன, அவற்றைச் சட்டம் பாதுகாக்கிறது.

வீடு குளிர்கிறது, எரிபொருள் விலை ஏறிவிட்டது என்பீர்கள். அது நியாயமான கவலை. எனக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் ஈரமான சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது, ஆகவே முதலில் சுவரைக் காயவிடுவதே முதல் வெப்பக்காப்பு. அதன்பின் பரணில் ஆட்டுக் கம்பளி மெத்தை விரிக்கலாம். சுவருக்கு உட்புறம் மரநார்ப் பலகையோ, தக்கைத்தூளும் சணல்தண்டும் கலந்த சுண்ணாம்புப் பூச்சோ கொடுக்கலாம். இவையெல்லாம் ஈரத்தை ஏற்று விடுபவை. நுரைப் பலகையையும் பிளாஸ்டிக் தாளையும் கொண்டு சுவரை உள்ளிருந்து மூடினால், அறையின் ஈரக்காற்று பலகைக்குப் பின்னால் குளிர்ந்த கல்லில் பட்டு நீராகும்; பிறகு என் உத்தரத்துக்கு நேர்ந்ததுதான் உங்கள் உத்தரத்துக்கும் நேரும்.

இனி வீட்டின் பெயரைப் பற்றி. இதைக் கட்டடத்தோடு தொடர்பில்லாத செய்தியாக நீங்கள் நினைக்கக் கூடும். ‘ஹென்ட்ரே’ என்று தொடங்கும் பெயர், குளிர்காலத்தில் குடும்பமும் மாடும் தங்கிய பள்ளத்தாக்கு வீட்டைக் குறிக்கும். ‘ஹாவொட்’ என்பது மே முதல் நாளில் மந்தையை ஓட்டிக்கொண்டு ஏறி, நவம்பர் பிறக்கும்போது இறங்கும் மலைமேல் கோடைவீடு. ஆகவே உங்கள் வாயிற்பலகையில் ஹாவொட் என்று இருந்தால், அது குளிர்காலத்துக்கென்று கட்டிய இடமே அன்று என்பதும், பிற்காலத்தில்தான் நிலையான வீடாயிற்று என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அதை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் மலைக்காட்சி, ஓடையோரம் என்றெல்லாம் பெயர் சூட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வேல்ஸ் மொழி பேசுவோர் 17.8 விழுக்காடு; குவினெத் மாவட்டத்தில் மட்டும் 64.4. அந்த மாவட்டத்தில் நீங்கள் வாங்கும் வீட்டின் பெயரை அஞ்சல்காரரும் ஆடு மேய்ப்பவரும் பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இழப்பு என்றால் என்ன என்பதை இந்த மக்கள் நன்கு அறிந்தவர்கள். லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டும் சட்டம் 1957-இல் நிறைவேறியது. வேல்ஸின் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965-இல் காப்பெல் கெலின் என்ற சிற்றூர், அதன் பள்ளி, தொழுகைக்கூடம், அஞ்சலகம், பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும் நீருக்கடியில் போயின. குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவினர் அக்காலத்தில் ஒன்றுகூடிய ஹாவொட் வடொக் என்ற பண்ணை வீடும் அவற்றுள் ஒன்று. அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே லான்ரஸ்டிட் அருகில், சாலையோரம், இடிந்த ஒரு கல் பண்ணை வீட்டின் சுவர் மட்டும் தனியாக நிற்கிறது. ‘ட்ரவெரினை நினைவில் கொள்ளுங்கள்’ என்ற பொருள்படும் இரண்டு சொற்களை 1960-களில் எழுத்தாளர் மெய்க் ஸ்டீவன்ஸ் அதன்மேல் வண்ணத்தால் எழுதினார். 2019-இல் யாரோ அச்சுவரின் ஒரு பகுதியை இடித்துத் தள்ளியபோது, அக்கம்பக்கத்து இளைஞர்கள் வந்து விழுந்த கற்களைத் தாங்களே எடுத்து மீண்டும் அடுக்கினார்கள். கூரை இல்லாத, யாரும் வசிக்காத ஒரு வீட்டின் சுவர்தான் அது.

உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேல்ஸ் முழுதும் ஏறக்குறைய 30,000 கட்டடங்கள் அதில் உள்ளன. 1984-இல் தொடங்கிய ‘காடூ’ என்ற அரசு அமைப்பு அதைப் பேணுகிறது. அப்பெயருக்கே வேல்ஸ் மொழியில் ‘காப்பது’ என்று பொருள். 2023-இல் இயற்றி 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வரலாற்றுச் சூழல் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றம். இது உள்ளே இருக்கும் மரத்தடுப்புக்கும் படிக்கும் கணப்புக்கும் பொருந்தும். வேலை தொடங்கியபின் அபராதத்துக்கு அஞ்சுவதைவிட, முன்பே மரபுக் கட்டட அலுவலரை அழைத்து வீட்டைக் காட்டுங்கள்.

நான் கேட்ட ஓராண்டை நீங்கள் வீணாக்கப்போவதில்லை. அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் வீட்டைச் சுற்றி வந்து, எந்தச் சுவர் எத்தனை நாளில் காய்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இறவாரத் தாரையிலிருந்து தண்ணீர் எங்கே தெறிக்கிறது, சுவரடியில் மண் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று பாருங்கள்; பல வீடுகளில் மண்ணை ஓரடி வெட்டி இறக்கியதுமே ஓதம் பாதி குறைந்ததைக் கண்டிருக்கிறேன். ஜனவரியில் கணப்பை மூட்டி, புகை எப்படிப் போகிறது, அந்த வெம்மை எந்த அறைவரை எட்டுகிறது என்று பாருங்கள். மே மாதத்து மாலைகளில் முற்றத்தில் உட்கார்ந்தால் வௌவால்கள் எந்த ஓட்டுக்கடியிலிருந்து புறப்படுகின்றன என்பது தெரியும். உறைபனி விழும் காலத்தில் சுண்ணாம்பு பூசக் கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் அதற்கு ஏற்ற பருவம், ஆகவே அடுத்த வசந்தத்துக்கு இப்போதே ஒரு நல்ல கொத்தனாரிடம் நாள் சொல்லிவையுங்கள். இதற்கிடையில் அடுத்த பண்ணையில் இருக்கும் முதியவரிடம் உங்கள் வீட்டின் பெயரை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு முன் அங்கே யார் யார் இருந்தார்கள், கிணறு எங்கே இருந்தது, எந்த அறையில் மாடு கட்டினார்கள் என்று அவரே சொல்லத் தொடங்குவார். சுவரில் எங்கே கதவு இருந்து அடைபட்டது என்பதை என் வீட்டில் எனக்குக் காட்டியவர் அப்படிப்பட்ட ஒருவர்தான். அந்த அடைப்பின் பின்னால்தான் பழைய கற்படி இருந்தது.

உத்தரத்தின் அழுகிய முனையை வெட்டிவிட்டுப் புது ஓக் மரம் ஒட்டுப்போட்ட இடத்தை நேரில் பார்க்க விரும்புவோர் வரலாம். அந்த இடத்தைப் பூசி மறைக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
எரிரியின் பள்ளத்தாக்கு ஒன்றில் உங்களைப்போலவே ஒரு பழைய கல்வீட்டை வாங்கியவன்